மாடு சோளத்தட்டைத் தின்னாமல் கழிக்குதா? உங்க கட்டுத்தரையில் பார்த்ததைச் சொல்லுங்க

காங்கேயம் பக்கம்:
எங்க கறவைங்க சோளத்தட்டில் தோகையை உருவித் தின்னுட்டு, அடித்தட்டை மூஞ்சியால் தள்ளிவிடுதுங்க. "கொழுப்பெடுத்துப் போச்சு"ன்னு ஆத்தா திட்டுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. அது கதிர் முத்தி, தானியம் எடுத்த பிறகு அறுத்த தட்டு. முத்த முத்த நார் ஏறும். அந்த நார் பெருவயிற்றில் ஊறி, அசை போட்டு அரைபட்டுக் கீழே இறங்கினால்தான் அடுத்த வாய்க்கு இடம். 400 கிலோ எடையுள்ள கறவை, ஈரம் போக நாளுக்கு 12 கிலோ தின்னணும். முத்தின தட்டும் வைக்கோலும் மட்டும்னா அதில் பாதியைத் தாண்டுவதே பாடு. பூட்டை (கதிர்) வெளிவந்து பாதி பூக்கிறப்போ அறுத்துக் காயவெச்ச தட்டைப் போட்டால் அதே மாடு குச்சியைக்கூட விடறதில்லை.

தாராபுரம்:
எங்க ஊரில் சித்திரை வெயில்தான் பிரச்சினைங்க. மத்தியானம் மாடு வாயைத் திறந்து எச்சில் ஒழுக்கிட்டு நிற்கும், தாழிப் பக்கமே திரும்பாது. தீனி செரிக்கிறப்போ உள்ளேயும் சூடு கிளம்புது. நார் அதிகமானால் அந்தச் சூடும் அதிகம். அதனால் வெயில் காலத்தில் மாடு முதலில் குறைப்பது தட்டைத்தான். பெரும்பங்குத் தட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் விடியக்காலையிலும் போடறோம், விடிஞ்சு பார்த்தால் தாழி துடைச்சு வெச்சிருக்கு. தண்ணியும் முக்கியமுங்க. லிட்டர் பாலுக்கு நாலஞ்சு லிட்டர் தண்ணி வேணும். வெயிலில் கொதிக்கிற தொட்டித் தண்ணியை மாடு மோந்து பார்த்துட்டு விட்டுடும். தண்ணி குறைஞ்சால் தட்டும் குறையும். தொட்டிக்குக் கீத்துப் பந்தல் போடுங்க.

கோபி:
எங்களுக்கு வாய்க்கால் பாசனம், கோ-4 என்கிற தீவனப் புல்லுக்குக் குறைவில்லை. ஆனால் பச்சையைப் பார்த்து ஏமாந்துடக் கூடாது. 30 கிலோ புல் போட்டாலும் ஈரம் போனால் நிற்பது 6 கிலோ அளவுதான். மிச்சத்துக்குக் காய்ந்த தட்டு வேணும். மிஷினில் நறுக்கிப் போட்டால் கழிவு குறையும், தின்பதும் கூடும். அதுக்காகத் தூளாக்கிட வேண்டாமுங்க. அசை போடறது குறைஞ்சு, பால் சொசைட்டியில் அளக்கிறப்போ பாலில் கொழுப்பு இறங்கும். கலப்புத் தீவனத்தை அள்ளிக் கொட்டினாலும் இதேதான். வயிறு புளிச்சு, மாடு தட்டை ஒதுக்கிடும்.

பெருந்துறை:
கன்னு போட்ட மாட்டைப் பத்தி யாரும் சொல்லலையே. பால் உச்சத்துக்கு வருவது ஆறேழு வாரத்தில். தீனி உச்சத்துக்கு வர அதுக்கு மேலும் மூணு நாலு வாரம் பிடிக்கும். நடுவில் மாடு உடம்பைக் கரைச்சுத்தான் பால் கொடுக்குது. விலா எலும்பு தெரியறதைப் பார்க்கவே மனசு பொறுக்காது. அந்த நாளில் இருக்கறதிலேயே இளசான தட்டு, இளசான புல் அதுக்குத்தான் போகணும், பால் வத்தின மாடு முத்தினதைத் தின்னுக்கட்டும். வைக்கோல் மட்டுமே இருக்கிற வீட்டில் வேலிமசால் (புரதம் உள்ள தீவனச் செடி), அகத்தி கொஞ்சம் சேருங்க. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். 7 சதவீதமாவது இருந்தால்தான் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நாரைச் சரியாகச் செரிக்கும். எங்க மாடுங்க வேலிமசாலை வைக்கோலோடு கலந்து போட ஆரம்பிச்சதும் வைக்கோலையும் சேர்த்து இழுத்துத் தின்ன ஆரம்பிச்சுதுங்க.