ரெக்கார்டிங் பின்னால் தள்ளி விழுகிறது, தாமதமும் மாறிக்கொண்டே இருக்கிறது. உதவி தேவை

வணக்கம். வீட்டில் மிருதங்கம் ரெக்கார்ட் செய்கிறேன். பாட்டு ட்ராக்கை ஹெட்ஃபோனில் கேட்டு வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. போட்டுக் கேட்டால் மிருதங்கம் மட்டும் பாட்டுக்குப் பின்னால் விழுகிறது. விளம்ப காலத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை, வேகமான ஃபரன் சொற்கட்டு வரும் இடத்தில் தாங்க முடியவில்லை. வாசிப்பவர் காலப்பிரமாணத்தில் அசையாதவர், அதனால் சந்தேகம் அவர் மேல் இல்லை.

ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் ரீப்பர் 7, விண்டோஸ் 11. வலந்தலைக்கு (வலது முகம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடது முகம்) ஒரு மைக். மைக்குகளை லேப்டாப்போடு இணைக்க இரண்டு இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதனுடன் வந்த ஏஎஸ்ஐஓ (தாமதம் குறைந்த ஆடியோ) டிரைவர், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 சாம்பிள்), பஃபர் 128 சாம்பிள். பொங்கலுக்குப் பிறகு புது லேப்டாப்புக்கு மாறியதிலிருந்துதான் இந்தத் தொல்லை.

அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு நேராக ஒரு கேபிள் போட்டு, கிளிக் சத்தத்தை ரெக்கார்ட் செய்து அளந்தேன். 720 சாம்பிள் தாமதம், அதாவது 15 மில்லிசெகண்ட். ரெக்கார்டிங் செட்டிங்கில் மேனுவல் ஆஃப்செட்டாக அதைக் கொடுத்ததும் அலைவடிவம் கிளிக்கோடு அப்படியே பொருந்தியது. அப்புறம் யுஎஸ்பியைக் கழற்றி மாட்டினால் அதே சோதனையில் 1152 சாம்பிள் வருகிறது! டிரைவர் சொல்லும் லேட்டன்சி (தாமத அளவு) மட்டும் மாறவே இல்லை.

மாஸ்டரில் இருந்த லிமிட்டர் உட்பட எல்லா பிளகின்களையும் எடுத்துப் பார்த்தாயிற்று. பஃபரை 64, 512 என்று மாற்றினேன், ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகினேன், டிரைவரை அழித்து மறுபடி போட்டேன், யுஎஸ்பி பவர் சேவிங்கையும் நிறுத்தினேன். பலன் இல்லை.

இன்டர்ஃபேஸைக் கழற்றி மாட்டினாலும் இந்தத் தாமதம் ஒரே எண்ணில் நிற்க என்ன செய்ய வேண்டும்?