உச்சிப்புளி ஓடுதளம்: கருவாட்டுக் களப் பறவைகளை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: உச்சிப்புளியில் உள்ள ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளத்தில் பயணிகள் விமானமும் இறங்கினால், கருவாட்டுக் களங்களுக்கு வரும் பருந்து, காக்கைகள் தேசிய விமானப் பாதுகாப்புத் திட்டத்தில் எங்கே சேரும்?

பதில் 1: அண்ணே, முதல்ல பொறுப்பைப் பிரிங்க. தேசியத் திட்டம் அரசோடது. பயணிகள் விமானத்துக்குப் பொறுப்பு டிஜிசிஏ, அதாவது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். பாதுகாப்பு மேலாண்மை முறையை விமான நிலையமும் விமான நிறுவனமும் நடத்தணும். 2013-இல் நடைமுறைக்கு வந்த இக்காவோவின் (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) 19ஆம் இணைப்பு இரண்டையும் கேட்குது. பலர் சறுக்குற இடம்: ‘இன்ஜின் பழுது’ன்னு ஆபத்தை எழுதுவாங்க. அது விளைவு. ஆபத்து, ஏறும் பாதையில பறவைக் கூட்டம். பிறகுதான் மதிப்பெண்: நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 (5 அதிகம்), விளைவின் கடுமைக்கு ஆங்கில ஏ முதல் இ (ஏ மிக மோசம்). 5ஏ வந்தா, குறைக்காம பறக்கக்கூடாது.

பதில் 2: மணி வாரியா, பருவம் வாரியா பறவைக் கணக்கு எடுங்க. தனுஷ்கோடிக்குப் பூநாரை வர்ற குளிர்காலத்தை விட்டுட்டா மதிப்பெண்ணே பொய். 1937 விமான விதிகளின் 91ஆம் விதி, நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் பறவையை இழுக்கும் கழிவு கொட்டத் தடை போடுது. தடை மட்டும் போதாது: மீன் கழிவுக்கு மூடிய தொட்டி, தினமும் அள்ள வண்டி, இதைக் கவனிக்கிற குழுவில் மீனவர் சங்கம்.

பதில் 3: சேதமில்லாத பறவை மோதலையும் பதியணும். சொன்னவரைத் தண்டிச்சா அடுத்த தகவல் வராது.