சான் அன்டோனியோ: ஸ்பர்ஸ் புது அரங்கத்துக்கு உண்மையில் யார் பணம் கட்டுகிறார்கள்?

அலமோராஞ்ச்_வாசி

வணக்கம். டாலஸ் பக்கமிருந்து வேலை மாறி இங்கே வந்திருக்கிறோம், அலமோ ராஞ்சில் வீடு வாங்கியாயிற்று. 2025 நவம்பர் தேர்தலுக்கு முன்னால் தபால் பெட்டியைத் திறந்தாலே, இந்த ஊர் கூடைப்பந்து அணி ஸ்பர்ஸுக்குப் புது அரங்கம் கட்டுகிற ஓட்டெடுப்பு பற்றிய அட்டைதான். வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்கள்தான் கட்டப்போகிறார்கள், உங்கள் சொத்து வரி ஏறாது என்கிற மாதிரி ஒன்று. கோடீஸ்வரர்களுக்கு ஏன் ஊர்ப்பணம் என்று இன்னொன்று. எனக்கு கிரீன் கார்டுதான், ஓட்டு இல்லை, அதனால் எல்லாவற்றையும் ரீசைக்கிள் தொட்டியில் போட்டுவிட்டேன்.

இப்போது சொத்து வரி பில் வந்திருக்கிறது. தொகையைப் பார்த்ததும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஆபீஸில் சொன்னால், இதில் வெம்பிக்கும் (ஸ்பர்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் வெம்பன்யாமா) உன் பங்கு போகுது என்று சிரிக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அரங்கத்துக்கு 1.3 பில்லியன் டாலர் என்கிறார்களே, அதில் ஏதாவது என் பில்லில் வருகிறதா? மேயரே இதற்கு ஒத்துவரவில்லை என்று படித்தேன், அப்புறம் எப்படி நிறைவேறியது? கடைசியாக, இருக்கிற அரங்கத்துக்கு என்னதான் குறை? பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டத்துக்குப் போனேன், நன்றாகத்தானே இருக்கிறது!

---

லூப்410

நேரடி பதில் முதலில்: உங்கள் பில்லில் ஸ்பர்ஸ் என்று ஒரு வரி கிடையாது, வரப்போவதும் இல்லை. ஆனால் அந்த அட்டையில் போட்டிருந்தது முழுசாக உண்மையும் இல்லை. பணத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஸ்பர்ஸ் அணி குறைந்தது 500 மில்லியன் போடுகிறது, மதிப்பீட்டைத் தாண்டிச் செலவு போனால் அதையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பெக்ஸார் கவுன்டி (சான் அன்டோனியோ இருக்கிற மாவட்டம்) அதிகபட்சம் 311 மில்லியன். சிட்டி அதிகபட்சம் 489 மில்லியன்.

நவம்பரில் ஓட்டுக்கு வந்தது கவுன்டி பங்கு மட்டும்தான், அதுதான் இரண்டாவது தீர்மானம், 'பி'. அந்தப் பணம் ஹோட்டல் அறை வரியிலிருந்தும் வாடகைக் கார் வரியிலிருந்தும் வரும். கார் வரி 5 சதவீதம், அப்படியே இருக்கிறது. ஹோட்டலில் கவுன்டியின் பங்கு 1.75 சதவீதமாக இருந்தது, இப்போது 2 ஆகிறது. மாநிலம், சிட்டி, கவுன்டி மூன்றும் சேர்த்தால் அறை வாடகையில் மொத்தம் 17 சதவீதம் வரியாகப் போகும். 150 டாலர் அறைக்கு இந்த ஏற்றத்தால் கூடுவது 40 சென்ட்கூட இல்லை. ஆகவே வெளியூர்க்காரர் கட்டுகிறார் என்பது இந்தப் பகுதிக்குப் பெரும்பாலும் சரி. ஊரிலிருந்து அப்பா அம்மா பட்டமளிப்புக்கு வந்து ஐ-10 நெடுஞ்சாலை ஓரத்தில் தங்கினாலும், நீங்கள் பிக் பெண்ட் பூங்காவுக்குப் போக வேன் எடுத்தாலும் நீங்களும் "வெளியூர்க்காரர்"தான், அதை அட்டையில் போட மாட்டார்கள்.

உண்மையான விவாதம் சிட்டியின் 489 மில்லியன் பற்றியது. இதற்கு ஓட்டே கேட்கவில்லை. நகர மையத்தைச் சுற்றி மூன்று மைல் வட்டத்தில் ஹோட்டல்களிலிருந்து மாநிலத்துக்குப் போகவேண்டிய வரியில், கூடுகிற தொகையை மட்டும் 30 வருஷத்துக்கு சிட்டியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஏற்பாடு மாநிலச் சட்டத்தில் இருக்கிறது, அது ஒரு பகுதி. அரங்கத்தைச் சுற்றி எழும்பப்போகும் கட்டடங்களின் சொத்து வரி வளர்ச்சி இன்னொரு பகுதி. பிறகு நிலக் குத்தகை. அதாவது வரி விகிதம் ஏறாது. ஆனால் அந்தக் கட்டடங்களிலிருந்து போலீஸுக்கும் சாலைக்கும் நூலகத்துக்கும் வந்திருக்கக்கூடிய பணம் அரங்கத்துக்குப் போகும். அரங்கம் இல்லாவிட்டால் அந்தக் கட்டடங்களே வராது என்று சிட்டி சொல்கிறது. எப்படியும் வந்திருக்கும், கொஞ்சம் தாமதமாகும் அவ்வளவுதான் என்று எதிர்ப்பவர்கள் சொல்கிறார்கள். சண்டை முழுக்க இந்த ஒரு புள்ளியில்தான்.

மேயர் விஷயம். இது ஹூஸ்டன் இல்லை, அங்கேதான் நிர்வாகம் மேயர் கையில். இங்கே அன்றாட நிர்வாகம் சிட்டி மேனேஜர் கையில், கவுன்சிலில் பத்து வட்டார உறுப்பினர்கள், மேயரையும் சேர்த்துப் பதினோரு ஓட்டு. ஜீனா ஓர்டிஸ் ஜோன்ஸ் 2025 ஜூனில் ஜெயித்து வந்ததும், முதலில் தனியாக ஒரு பொருளாதார ஆய்வு நடக்கட்டும், அதற்கப்புறம் கையெழுத்துப் போடலாம் என்றார். கவுன்சில் கேட்கவில்லை. ஆகஸ்டில் 7-4 என்று ஸ்பர்ஸோடு அடிப்படை உடன்பாடு நிறைவேறியது. அந்த நான்கில் ஒன்று மேயருடையது, அதற்கு மேல் அவர் செய்ய எதுவுமில்லை.

---

கிழக்குப்பக்கம்

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் "இருக்கிற அரங்கத்துக்கு என்ன குறை" என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே.

இப்போதைய ஃப்ராஸ்ட் பேங்க் சென்டர் 2002-இல் எஸ்பிசி சென்டர் என்று திறந்தது, பிறகு ஏடி அண்ட் டி, 2023-இல் இந்தப் பெயர். 1999-இல் இதற்கும் ஓட்டெடுப்புதான், இதே ஹோட்டல் வரி, கார் வரிதான். அரங்கம் இருக்கிற ஈஸ்ட் சைடு தலையெடுத்துவிடும், ஹோட்டல் வரும், உணவகம் வரும், வேலை வரும் என்றார்கள். நான் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். ஒரு ஆட்டம் முடிந்த ராத்திரி வந்து நின்று பாருங்கள். பார்க்கிங்கிலிருந்து சிவப்பு விளக்கு வரிசையாக எரிய கார்கள் ஐ-35 பக்கமும் ஐ-10 பக்கமும் ஊர்ந்து போகும், பக்கத்தில் நிறுத்தி ஒரு டாகோ வாங்கிச் சாப்பிடுகிறவர் கிடையாது. மற்ற நாளில் அது ஒரு பெரிய காலி சிமென்ட் தரை. இப்போது அதே வாக்குறுதியைக் கட்டடத்தோடு சேர்த்து டவுன்டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே ஒரு குடும்பம் செலவழிக்கும் 200 டாலரை வேறொரு வாரம் வேறெங்கோ செலவழித்திருக்கும், ஊருக்குப் புதுப் பணம் ஒன்றும் வந்துவிடவில்லை. அரங்க மானியங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்வது இதுதான்.

தீர்மானம் 'ஏ' என்று இன்னொன்று இருந்ததே, பழைய அரங்கத்தையும் பக்கத்திலுள்ள ஃப்ரீமன் கொலிசியத்தையும் ரோடியோவுக்காக (குதிரை, மாட்டு வீர விளையாட்டு) வருஷம் முழுக்கப் பயன்படும் இடமாக மாற்றுவது, அதுவும் ஜெயித்தது. எங்களுக்குக் கிடைத்த ஆறுதல் பரிசு. மாடுகளாவது நிற்கும்.

இதை எதிர்த்துத் தெருத்தெருவாகப் போனது காப்ஸ் மெட்ரோ அமைப்பு. 1974-இல் வெஸ்ட் சைடு சர்ச்சுகளிலிருந்து எழுந்தவர்கள். மழை வந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வந்த தெருக்களுக்கு வடிகால் கேட்டு சிட்டியை மடக்கியவர்கள். அவர்கள் ஒன்றும் விளையாட்டுக்கு எதிரி இல்லை. பிரசாரத்துக்கு ஸ்பர்ஸ் பக்கம் மில்லியன் கணக்கில் கொட்டியும் 'பி' தீர்மானத்துக்குக் கிடைத்தது ஏறக்குறைய 52 சதவீதம். ஐந்து கோப்பை வாங்கிய அணிக்கு, சொந்த ஊரில், அவ்வளவுதான்.

---

வெள்ளி_கருப்பு_21

கிழக்குப்பக்கம் சார், உங்கள் கோபம் நியாயம். ஈஸ்ட் சைடுக்குக் கொடுத்த வாக்கு காற்றில் போனதை எந்த ரசிகனும் மறுக்க முடியாது. ஆனால் 52 ஆனாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான், ஒரு புள்ளியில் ஜெயித்த ஆட்டத்தைத் தோல்வி என்று எழுத மாட்டார்கள்.

டெக்சஸில் இருந்துகொண்டு ஆயிலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் கதையை மறக்கக் கூடாது. ஹூஸ்டனில் அதன் உரிமையாளர் பட் ஆடம்ஸ் புது மைதானம் கேட்டார், ஊர் முடியாது என்றது, 1996 சீசன் முடிந்ததும் அணி டென்னசிக்குப் போய்விட்டது. அப்புறம் என்ன ஆயிற்று? 2002-இல் டெக்சன்ஸ் என்று ஒரு புது அணி வந்தது, அதற்காக அதே ஹூஸ்டன் பொதுப்பணத்தில் மைதானம் கட்டியது. ஸ்பர்ஸே 1973-இல் டாலஸிலிருந்து இங்கே வந்த அணிதான், வந்தது போகவும் செய்யும். இப்போதைய அரங்க ஒப்பந்தம் 2032 வரை. எண்பது மைலில் ஆஸ்டின், அங்கே 'மூடி சென்டர்' என்ற அரங்கத்தில் சில ஆட்டங்களை ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி இல்லை, பேஸ்பால் பெரிய லீக் இல்லை, இந்த ஒன்றுதான்.

இருக்கிற அரங்கத்தின் குறை என்னவென்று கேட்டீர்கள். ஒவ்வொரு பிப்ரவரியும் ரோடியோ வந்ததும் ஸ்பர்ஸ் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆட வேண்டும், ரோடியோ ரோடு ட்ரிப் என்று அதற்குப் பெயரே உண்டு. சொந்த வீட்டில் வாடகைக்காரன் மாதிரி. 2023-இல் வெம்பன்யாமா வந்த பிறகு சத்தம் எப்படி மாறியிருக்கிறது என்று போய்க் கேளுங்கள். கூடைக் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே கத்துகிறார்களே 'ஜாக்கல்ஸ்' என்ற ரசிகர் கூட்டம், ஐரோப்பிய கால்பந்து ரசிகர்கள் மாதிரி வேண்டும் என்று வெம்பன்யாமா ஆரம்பித்து வைத்தது, அதற்கு ஆள் எடுக்கத் தேர்வே நடத்தினார்கள். டிரம் அடித்துக்கொண்டு ஆட்டம் முழுக்க உட்காராமல் நிற்பார்கள். என் பெண் இப்போது வீட்டில் சோறு ஊட்டும்போதும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள்.

---

ஹெமிஸ்ஃபேர்_அக்கா

தம்பிகளா, நான் இந்த ஊருக்கு வந்தது ஸ்பர்ஸ் ஹெமிஸ்ஃபேர் அரீனாவில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில். எழுபதுகளில் கூட்டம் கொள்ளவில்லை என்று அந்தக் கட்டடத்தின் கூரையை அப்படியே மேலே தூக்கி அடியில் இருக்கைகள் போட்டார்கள். 1993-இல் அலமோடோம் திறந்தது, விற்பனை வரியில் அரை சென்ட் ஐந்து வருஷத்துக்கு வாங்கிக் கட்டியது. அமெரிக்கக் கால்பந்துக்குக் கட்டிய கூடத்தில் நடுவில் திரை போட்டு கூடைப்பந்து ஆடினார்கள், 1999-இல் முதல் கோப்பையே அங்கிருந்துதான். அதற்குள் அதுவும் போதாது என்று 2002-இல் அடுத்தது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு ஒன்றாவது தாங்கியதா என்று. இந்த முறை மட்டும் முப்பது வருஷம் இருப்போம் என்று எழுதிக் கொடுக்கிறார்களாம், பார்ப்போம்.

எனக்கு உறுத்துவது பணம் கூட இல்லை, இடம். புது அரங்கம் வருவது டவுன்டவுனில் ஹெமிஸ்ஃபேரில், டெக்சஸ் பண்பாட்டு நிலையம் இருந்த மனையில். 1968 உலகக் கண்காட்சிக்காக அந்த நிலம் எப்படிக் கிடைத்தது தெரியுமா? அங்கே ஒரு குடியிருப்பே இருந்தது, மெக்சிகன், ஜெர்மன், போலிஷ் என்று பல ஜாதி ஜனம். நூற்றுக்கணக்கான வீடுகளை அரசு எடுத்துக்கொண்டு இடித்தது. ஆறு மாதக் கண்காட்சி, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை. முடிந்ததும் கோபுரத்தையும் சில கட்டடங்களையும் தவிர பல வருஷம் அது பாதி காலி மைதானம். அந்தக் கண்காட்சியில் டெக்சஸ் மண்டபமாகக் கட்டியதுதான் பண்பாட்டு நிலையம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாகக் கூட்டி வருவார்கள், என் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். 2025-இல் அதையும் இடித்தாயிற்று. அதனால் 'காலி நிலத்தில்தானே கட்டுகிறார்கள்' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் ஒன்று. கோப்பை ஜெயித்தால் ஆற்றில் படகில் ஊர்வலம் போவார்கள், ரிவர் வாக் இரண்டு கரையும் நிற்க இடமிருக்காது. 2014-இல் நானும் போய் நின்றேன். மறுபடி வந்தாலும் போவேன், என்ன செய்ய.

---

அலமோராஞ்ச்_வாசி

எல்லாருக்கும் நன்றி. லூப்410 சொன்னதைப் படித்துவிட்டு பில்லை மேஜையில் விரித்து வரி வரியாகப் பார்த்தேன். பெக்ஸார் கவுன்டி, கவுன்டி சாலை மற்றும் வெள்ளத் தடுப்பு, யூனிவர்சிட்டி ஹெல்த், அலமோ காலேஜஸ், ரிவர் அத்தாரிட்டி, ஒரு அவசர சேவை மாவட்டம், அப்புறம் நார்த்சைடு ஐஎஸ்டி என்ற பள்ளி மாவட்டம். பள்ளிதான் பெரிய தொகை. சிட்டி ஆஃப் சான் அன்டோனியோ என்று ஒன்றையே காணோம்! விட்டுப்போயிற்றா? பின்னால் சேர்த்துக் கேட்பார்களா? எங்கள் கவுன்சில் உறுப்பினர் யார் என்று கேட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

---

லூப்410

விட்டுப்போகவில்லை. அலமோ ராஞ்சில் பெரும்பகுதி சிட்டி எல்லைக்கு வெளியே, கவுன்டி நிலம். அஞ்சல் முகவரி சான் அன்டோனியோ என்றிருக்கும், அவ்வளவுதான். உங்களுக்குக் கவுன்சில் உறுப்பினரும் கிடையாது, மேயரும் கிடையாது. ஆகவே அந்த 489 மில்லியன் சண்டையில் நீங்கள் வெறும் பார்வையாளர். உங்களுக்கு இருப்பது கவுன்டி கமிஷனர்ஸ் கோர்ட், பெயர்தான் கோர்ட், கவுன்டியை நடத்துகிற குழு அது: நாலு கமிஷனர்கள், கவுன்டி ஜட்ஜ். கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள், பெயர் கொடுத்துப் பேசலாம், குடியுரிமை யாரும் கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று, இதுதான் உங்கள் பாக்கெட்டைத் தொடுவது. அதே நவம்பர் ஓட்டுச்சீட்டில் மாநில அளவில் ஒரு திருத்தம் இருந்தது. சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளி வரியில் விலக்கு 100,000 டாலரிலிருந்து 140,000 ஆக ஏறியது. ஸ்பர்ஸ் சத்தத்தில் பலர் கவனிக்கவே இல்லை. ஆனால் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு நீங்கள் விண்ணப்பித்திருந்தால்தான் அது கிடைக்கும், தானாக வராது. பில்லில் பள்ளி வரிக்கு எதிரே விலக்கு என்று தொகை போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சொத்து மதிப்பீட்டு மாவட்ட (அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்) இணையதளத்திலேயே விண்ணப்பம் போடலாம், ஓட்டுநர் உரிமத்தில் புது முகவரி இருக்க வேண்டும், கட்டணம் இல்லை. காசு கேட்டுத் தபாலில் வரும் கடிதங்களை அந்த ஸ்பர்ஸ் அட்டைகள் போன இடத்துக்கே அனுப்புங்கள். பில் கட்டக் கடைசி நாள் ஜனவரி 31.