எஃப்எம் காலை நிகழ்ச்சியில நம்ம ஏரியா குரல்: உங்க அனுபவம் சொல்லுங்க

தண்டையார்பேட்டை ஆப்பக்கடை:

போன ஆகஸ்ட்ல எங்க அம்மாவை ஒரு எஃப்எம் ஸ்டேஷன்ல கூப்பிட்டாங்க. எந்த ஸ்டேஷன்னு வேணாம். ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டே, சென்னையோட பிறந்தநாள் வருதுல்ல, அந்த வாரம் மட்டும் எல்லாருக்கும் காசிமேடு, வண்ணாரப்பேட்டைன்னு வடசென்னை ஒரு பக்கம் இருக்கறது ஞாபகம் வந்துடும். அம்மா தெருமுனையில தள்ளுவண்டியில ஆப்பமும் வடகறியும் போடுறாங்க. ஆறரைக்கு அடுப்பு பத்தவச்சா ஒன்பதரைக்குள்ள மாவு தீந்துடும். "அந்த நேரத்துல நான் வந்துட்டா கடைய யாரு பாக்கறது?"ன்னு கேட்டாங்க. போன்ல பேசின பொண்ணு, "காலைல வர வேணாம்மா, முந்தின நாள் சாயந்திரம் வாங்க, ரெக்கார்ட் பண்ணிக்கலாம்"னு சொல்லிச்சு. 'குட் மார்னிங் மக்களே, இதோ நம்மகூட ஸ்டுடியோவுல'ன்னு தினமும் கேட்டுட்டு இருக்கேனே, அதுல பாதி நேத்து சாயந்திரம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ஸ்டுடியோ ரூம் எங்க வீட்டு சமையக்கட்டைவிடச் சின்னது. சுவர் பூரா முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமா ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கு. உள்ள போனதும் காது அடைச்ச மாதிரி ஆகிடுச்சு, நம்ம மூச்சு நமக்கே கேக்குது. ஏசி வேற. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போத்திக்கிட்டு உக்காந்தாங்க.

ஆர்ஜே நல்ல பையன்தான். எடுத்த எடுப்புல, "அம்மா, நம்ம மெட்ராஸ் பாஷைல நேயர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க, 'இன்னா நைனா'ன்னு ஆரம்பிங்க"ன்னான். அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாங்க. "யாரை நைனான்னு கூப்பிடணும்? எங்க நைனா செத்து பதினாலு வருஷம் ஆவுது." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் வாயைப் பொத்திக்கிட்டு குலுங்கினாரு. பையன் விடல, திரும்பவும் கேட்டான். "நான் பேசற மாதிரி பேசச் சொன்னா பேசறேன் தம்பி. நீ நினைக்கற மாதிரி பேசச் சொன்னா எனக்கு வராது"ன்னுட்டாங்க.

அதுக்கப்புறம்தான் பேச்சு நல்லா போச்சு. ஆப்பம் வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும், மூடிதானே போட்டிருக்கீங்கன்னு கேட்டான். "காதுலதான்" அப்படின்னாங்க அம்மா. மாவு ஊத்தி சட்டியை ஒரு சுத்து சுத்தினதும் ஓரத்துல 'சொய்ய்'னு ஒரு சத்தம் வரும், மூடி போட்டதும் அது உள்ள அமுங்கிக் கேக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு 'ட்ச்... ட்ச்...'னு விட்டு விட்டு வரும். ரெண்டு ட்ச்சுக்கு நடுவுல ஒரு மூச்சு இழுக்கற அளவு இடைவெளி வந்தா எடுத்துடணும், இல்லேன்னா அடி செவந்துடும். இதை வாயாலயே செஞ்சு காட்டினாங்க. மைக் பக்கத்துல போய் 'சொய்ய்'னதும் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுட்டு எழுந்து நின்னுட்டாரு. அடுத்த நாள் அதை வெட்டாம போட்டாங்க. நாப்பது நிமிஷம் பேசினதுல நாலு நிமிஷம்தான் வந்துச்சு, ஆனா அந்தச் சத்தம் முழுசா இருந்துச்சு. நைனா விஷயம் மட்டும் காணோம்.

ஒலிபரப்பாகும்போது அம்மா கடையில இருந்தாங்க. சாப்பிட வந்த ஆட்டோ அண்ணன் ஒருத்தர் வண்டியில ரேடியோவை சத்தமா வச்சாரு. அம்மா ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "யாருய்யா அது, இப்படி மூக்காலப் பேசுது?"ன்னாங்க. நீங்கதான்னு சொன்னதும், "சத்தத்தைக் கம்மி பண்ணு, சட்டி கேக்கல"ன்னு சொல்லிட்டு மூடியைத் திறந்துட்டாங்க.

உங்களுக்கும் இந்த மாதிரி இருந்தா எழுதுங்க.

காசிமேடு விசைப்படகு:

சகோ, உங்க அம்மாவுக்கு ஒரு சல்யூட். நான் அந்த மெட்ராஸ் பாஷைலதான் பேசுவேன், அதனால என்னிய ஆர்ஜேவுக்கு ரொம்பப் புட்ச்சிப் போச்சு.

மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாளு. போட்டு கரையில, நாங்க வலை பின்னிக்கினு சொம்மா குந்திகினு இருப்போம். அப்பத்தான் போன் போட நேரம் கெடைக்கும். ஒரு நாள் எஃப்எம் போட்டிக்கு லைன் கெடச்சிது. "அண்ணா, ரேடியோ சத்தத்தைக் கம்மி பண்ணுங்க"ன்னுச்சு ஒரு பொண்ணு. பண்ணேன். "இன்னும் கம்மி பண்ணுங்க." அது ரேடியோ இல்லமா, மீன் ஏலம்னேன். தடைக்காலத்துல கட்டுமரம், ஃபைபர் போட்டுலாம் போயினு வரும், அந்த மீனு ஏலம் போயினு இருந்திச்சு. நம்பவே இல்ல. கடேசில ஐஸ் ரூம் உள்ள போய் கதவ சாத்திகினு பதில் சொன்னேன். ஜெயிச்சிட்டேன்.

பரிசு சினிமா டிக்கெட் ரெண்டு. தியேட்டரு ஊரோட அந்தக் கோடி. அதுவும் மூணு நாளுக்குள்ள அவங்க ஆபீஸுக்கு அடையாள அட்டை எத்துகினு நேர்ல வந்து வாங்கிக்கணுமாம். யாரு போறது?

கடலுக்குள்ள எஃப்எம் கேப்போமான்னு நெறய பேர் கேக்கறாங்க. கெளம்பறப்ப கேப்போம். அது நேரா போற அலை, பூமி வளையுதுல்ல, கரை மறைய மறைய பாட்டு கரகரன்னு ஆயிடும். அப்பல்லாம் எங்க தாத்தா கையில இருந்தது மீடியம் வேவ் டிரான்சிஸ்டரு, சென்னை ஸ்டேஷன் 720ல கெடைக்கும். அது கடல் தண்ணி மேல ஒட்டிகினே ரொம்ப தூரம் வரும். பாட்டுக்காக இல்ல, 'மீனவர்களுக்கான எச்சரிக்கை'ன்னு ஒரு குரல் வரும்ல, அதுக்கோசரம்.

வியாசர்பாடி:

என் ஃப்ரெண்டு கானா பாடுவான். கூப்பிட்டாங்க, புல்புல் தாராவும் டோலக்கும் தூக்கிட்டு போனோம். அவனுக்கு நல்லா வர்றது சாவு வீட்டுல விடிய விடிய பாடுற பாட்டு, கானாவே அங்கேர்ந்து வந்ததுதானே. "காலைல ஏழரைக்கு சாவா? ஜாலியா லவ் கானா ஒண்ணு போடுங்க ப்ரோ"ன்னாங்க. போட்டான். இன்னிக்கும் அதைச் சொன்னா அவனுக்குக் கோவம் வரும்.

ராயபுரம், வயது 71:

தம்பிகளே, காலையில் சிரிக்கச் சிரிக்கப் பேசுவதை எஃப்எம்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். அகில இந்திய வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' சொல்லும் சில நிமிடங்களுக்கு எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடிச் சண்டைகூட நின்றிருக்கிறது. தான் சிரிக்காமலே சொல்லி முடிப்பார். கடைசி வரியில் நாம்தான் சிரிப்போம். 2009இல் அவர் மறைந்த செய்தியைக் கேட்டபோது என் வீட்டுக்காரி உறவினர் இறந்ததைப் போல அழுதாள். அந்த நாளில் ஏழேகாலுக்கு டெல்லியிலிருந்து 'ஆகாசவாணி, செய்திகள், வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்று வந்தால், ஹார்பர் வேலைக்குப் போகிறவர்கள் கடிகாரம் பார்க்காமலே சட்டையை மாட்டுவார்கள்.

இந்த ஊரில் வானொலியே வடசென்னையிலிருந்து வந்தது என்று நான் பெருமை பேசுவதுண்டு. 1938 ஜூன் 16 அன்று இங்கே அகில இந்திய வானொலி நிலையம் தொடங்குவதற்கு முன்பே, 1930 முதல் மாநகராட்சி தன் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பு நடத்தியது. ரிப்பன் மாளிகை வடசென்னையா என்று பேரன் சண்டைக்கு வருகிறான். சென்ட்ரலுக்குப் பக்கம்தானே, விட்டுக்கொடுக்க மாட்டேன்.

என் பெயர் வானொலியில் ஒரே ஒரு முறை வந்தது. நேயர் விருப்பத்துக்குப் பதினோரு அஞ்சலட்டை எழுதிய பிறகு. அறிவிப்பாளர் இருபது பெயர்களை ஒரே மூச்சில் படித்ததில் என் ராயபுரத்தை ராயப்பேட்டை ஆக்கிவிட்டார். ரேடியோவுக்குத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய காலம் அது, கட்டிய பணமே வீணாகப் போன மாதிரி இருந்தது.

எஃப்எம்ல முன்னாடி வேலை பார்த்தவன், பெரம்பூர்:

ரெண்டு வருஷம் ஒரு காலை நிகழ்ச்சிக்கு உதவித் தயாரிப்பாளரா இருந்தேன். ஆப்பக்கடை சகோ சொன்ன 'நேத்து சாயந்திரம்' உண்மைதான். போன் கால்களையும் பாட்டு ஓடிட்டிருக்கும்போதே பேசிப் பதிவு பண்ணி, இருமல், கெட்ட வார்த்தை, தடுமாற்றம் எல்லாத்தையும் வெட்டி, பாட்டு முடிஞ்சதும் போடுவோம். கூப்பிட்டவங்க தங்களோட குரலைத் தாங்களே கேட்டுட்டு, திரும்ப போன் பண்ணி 'அது நான் இல்ல'ன்னு சொன்ன கதையும் உண்டு.

எனக்கு இன்னும் உறுத்தற ஒண்ணைச் சொல்றேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழைக்கு அப்புறம் எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் மிதந்துச்சே, அந்த வாரம் ஒரு அக்கா லைன்ல வந்தாங்க. போட்டி கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கூப்பிட்டாங்க. பதிலைச் சொல்லிட்டு, "எங்க வூட்டுக்காரர் வலை பூரா கருப்பா ஒட்டிக்கிச்சு, மண்ணெண்ணெய் போட்டாலும் போவல, அதையும் கொஞ்சம் சொல்லுங்க"ன்னாங்க. தனியார் எஃப்எம் சொந்தமா செய்தி சொல்லக் கூடாது, அது அரசாங்க விதி. ஆல் இந்தியா ரேடியோ செய்தியை மாத்தாம அப்படியே போடலாம். டிராஃபிக், வானிலை, மின்சாரம், தண்ணி, உள்ளாட்சி கொடுக்கற பேரிடர் அறிவிப்பு இதெல்லாம் செய்தியா எடுத்துக்க மாட்டாங்க. இந்த அக்கா சொன்னது எந்தக் கணக்குன்னு எங்க மேலதிகாரிக்கும் தெரியல. பயந்துட்டாரு. வெட்டிட்டோம். சரியான பதில் மட்டும் ஒலிபரப்பாச்சு, கை தட்டற சத்தத்தோட.

காசிமேடு விசைப்படகு:

அந்த வலை யாருதுன்னு எனக்கு தெரியும். இப்ப புது வலை வாங்கிட்டாரு. கடன்லதான்.

வியாசர்பாடி:

ஆப்பக்கடை சகோ, ஒரு சந்தேகம். ஆட்டோ ரேடியோவுலதான் அம்மா பேசினதைக் கேட்டீங்கன்னீங்க. கடையில ரேடியோ இல்லையா?

தண்டையார்பேட்டை ஆப்பக்கடை:

இருக்கே, வண்டிக் கம்பத்துல தொங்குது. முள்ளை இழுக்கற நூல் அறுந்து நாலு வருஷமாச்சு, 101.4லயே நின்னுடுச்சு. ரிப்பேர்காரர் நூறு ரூபா கேட்டாரு. அம்மா குடுக்க மாட்டேங்கறாங்க, அவங்களுக்கு அந்த ஸ்டேஷனே போதுமாம். கூப்பிட்டவங்க ஸ்டேஷன் அது இல்ல.