ஆயாவுக்கு 80: மிட்செல் பார்க் போகலாமா, வேண்டாமா?

குழு: முனுசாமி குடும்பம், டர்பன்

நிஷா: எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் 24ஆம் தேதி ஆயாவுக்கு 80 நிறைகிறது. ஹெரிட்டேஜ் டே, எல்லோருக்கும் விடுமுறைதான். மிட்செல் பார்க்கில் மரத்தடியில் பாய் விரித்து உட்காரலாம் என்று அம்மா சொல்கிறார்கள். ஆயாவுக்கும் அங்கேதான் போக வேண்டுமாம். யார் யார் வருகிறீர்கள்?

கோகி: நாங்கள் நாலு பேர்

பிரவீன்: நானும் அப்பாவும். அம்மாவுக்கு டூட்டி, கேட்டுச் சொல்கிறேன்

லோகன்: ஜோபர்க்கிலிருந்து ஆறு மணி நேரம் ஓட்ட வேண்டும். பார்க்கிறேன்

சரஸ்: பார்க்கிறேன் என்றால் வருவாயா மாட்டாயா லோகா

லோகன்: சாப்பாடு என்ன?

கோகி: புரட்டாசியில் வந்து சாப்பாடு என்ன என்று கேட்கிறான் பார்

லோகன்: நான் கேட்டதில் என்ன தப்பு அக்கா. மட்டன் பிரியாணி இல்லாமல் 80ஆம் பிறந்தநாளா?

கோகி: இருங்கள், இது இப்போதுதான் வந்தது. படியுங்கள். "அவசரம்! டர்பனில் ஒரு பார்க்கில் குரங்கு குழந்தையைக் கடித்துவிட்டது. வெறிநோய்! எல்லாக் குரங்குகளுக்கும் இருக்கிறதாம். பிள்ளைகளைப் பார்க்குக்குக் கூட்டிப் போகாதீர்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்."

கோகி: மிட்செல் பார்க்காகத்தான் இருக்கும். அங்கேதானே ஜூ

நிஷா: ஐயோ

சரஸ்: அப்போது பார்க்குக்குப் பதில் ஒரு ஹாலே வாடகைக்கு எடுத்துவிடலாமா

சிவா: யாரும் அவசரப்பட வேண்டாம். அந்தச் செய்தியில் பார்க் பெயர் இல்லை, தேதி இல்லை, யார் சொன்னார்கள் என்பதும் இல்லை. நிஷா, பார்க்குக்கே ஒரு போன் போட்டுக் கேள். வெறிநோயைப் பற்றி நான் சொல்கிறேன். நம் குவாசுலு நடாலில் அது பரவுவது பெரும்பாலும் நாய் கடித்துத்தான். ஊசி போடாத நாயை நினைத்துப் பயப்படுங்கள், அதில் நியாயம் இருக்கிறது. எந்த விலங்கு கடித்தாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் நேராக கிளினிக். குரங்கு கடித்தாலும் அதையேதான் செய்ய வேண்டும். அதற்காக எல்லாக் குரங்கும் வெறிபிடித்து அலைகிறது என்று எழுதுவது பெரிய பாவம். இப்படி ஒரு செய்தி பரவினால் அடுத்த வாரமே யாராவது விஷம் வைப்பார்கள்.

பிரவீன்: அப்பா ஆரம்பித்துவிட்டார்

கோகி: அண்ணா, அனுப்பியது நான் இல்லை. பிரார்த்தனைக் குழுவில் வந்தது

நிஷா: போன் போட்டேன். பார்க் திறந்துதான் இருக்கிறதாம். அப்படி எதுவும் கேள்விப்படவில்லை என்றார்கள். குரங்கு வரும், சாப்பாட்டை மூடி வையுங்கள் என்று மட்டும் சொன்னார்கள்

சரஸ்: அப்பாடா

தர்ஷினி: சிவா பெரியப்பா, அந்தக் குரங்குகள் ஜூவுடையவையா? அப்படியென்றால் ஏன் கூண்டில் இல்லை?

சிவா: நல்ல கேள்வி தர்ஷினி. அவை யாருக்கும் சொந்தமில்லை. அவை வெர்வெட் குரங்குகள், சாம்பல் உடம்பு, கறுப்பு முகம். கூண்டில் இருப்பது வேறு, வேலி தாண்டி வருவது வேறு. பக்கத்திலேயே மார்னிங்சைடில் பர்மன் புஷ் இருக்கிறது, சுமார் 50 ஹெக்டேர் கடலோரக் காடு. அங்கே குரங்கு நிறைய. இந்த ஊர் முழுக்கப் பள்ளத்தாக்கும் ஆற்றங்கரையும் பச்சையாகத் தொடர்ந்து போகிறது. குரங்கு அந்த வழியாக மரம் விட்டு மரம் வரும். நாம் போட்ட ரோடுதான் நடுவில் வந்தது.

சிவா: ஜூவுக்கு ஏன் வருகிறது என்றால், அங்கே பெரிய மரம், தண்ணீர், தட்டில் வைத்த பழம் எல்லாம் இருக்கிறது. துரத்த நாய் கிடையாது. குரங்குக்கு மட்டும் இல்லை, பறவைக்கும் அப்படித்தான். தானியம் சிந்தினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். ராத்திரியில் ஜெனெட் வரும், பூனை மாதிரி புள்ளி புள்ளியாக, நீள வாலோடு. கூட்டம் போன பிறகு நடப்பதைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

லோகன்: பாம்பா? பிள்ளைகளைக் கூட்டி வரச் சொல்கிறீர்கள்

சிவா: ரிசர்வாயர் ஹில்ஸில் உன் மச்சான் வீட்டில் மாம்பா பிடித்தார்களே, அதைவிடப் பார்க் பாதுகாப்பு

கோகி: அது கருப்பு மாம்பா இல்லை, பச்சைப் பாம்பு என்று அப்புறம் சொன்னார்கள்

லோகன்: கருப்பு மாம்பாதான். என் கண்ணால் பார்த்தேன்

சரஸ்: பாம்பை விடுங்கள். ஹாலா, பார்க்கா?

பிரவீன்: ஹாடீடா பறவை இருந்தால் நான் வரவில்லை. வீட்டிலேயே விடியற்காலை அது கத்திக் கத்தித் தூங்க விடுவதில்லை

சிவா: ஹாடீடா இல்லாத புல்வெளி இந்த ஊரில் ஏது? நீண்ட வளைந்த அலகால் மண்ணைக் குத்திப் புழுவைத் தின்னும், வேறு யாருக்கும் தொந்தரவு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு இடத்தில் அது கிடையாது. மனிதன் மரம் நட்டான், புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினான், அதுவும் கூடவே பரவியது. எகிப்திய வாத்தும் இப்படித்தான், குளம் தெரிந்தால் இறங்கிவிடும்.

கோகி: டொங்காட்டில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாரை வருகிறது அண்ணா. கறுப்பு உடம்பு, கழுத்து மட்டும் பஞ்சு மாதிரி வெள்ளை. பக்கத்து வீட்டம்மா கோழித்துண்டு போடுகிறார்கள்

சிவா: அது பஞ்சுக் கழுத்து நாரை. ஒரு காலத்தில் நம் மாகாணத்தில் அரிதாக இருந்தது, இப்போது வீட்டுத் தோட்டத்து மரத்திலேயே கூடு கட்டுகிறது. பார்க்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் அந்தம்மா கோழித்துண்டு போடுவதை நிறுத்தச் சொல். பூச்சி, தவளை, நண்டு தின்ன வேண்டிய பறவைக்குப் பதப்படுத்திய கறி போட்டால் குஞ்சுக்கு என்ன கிடைக்கும்?

கோகி: நான் சொன்னால் கேட்பார்களா

நிஷா: மாமா, ஜூ பறவைகளுக்கு இவற்றால் ஆபத்து இல்லையா? பெரிய கூண்டுக்குள் நாமே நடந்து போகலாமே, அங்கே

சிவா: ஆபத்து உண்டு. 2017இல் எச்5என்8 பறவைக் காய்ச்சல் இந்த நாட்டுக்கு வந்தது, கோழிப்பண்ணைகள் அழிந்தன, காட்டுப் பறவைகளும் செத்தன. 2021இல் எச்5என்1. காட்டு வாத்தும் நீர்ப்பறவையும் நோயைக் கொண்டுவரலாம், எச்சம் விழுந்தால் போதும். அதனால்தான் கூண்டுக்கு வலை, தீவனத்துக்கு மூடி. செத்த பறவையைப் பார்த்தால் பிள்ளைகள் தொடக்கூடாது, பார்க் ஆட்களிடம் சொல்ல வேண்டும். மற்றபடி பயப்பட எதுவும் இல்லை.

லோகன்: மட்டன் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை

சரஸ்: டால், வடை, புளிச்சாதம், மொச்சை. இவ்வளவுதான்

லோகன்: சரி சரி

சரஸ்: அம்மாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். யானை இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்

தர்ஷினி: யானையா?

சிவா: நெல்லி! ஆயாவின் அப்பா கார்ப்பரேஷனில் தோட்ட வேலை, குடியிருந்தது கார்ப்பரேஷன் ஊழியர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸ். அவர் சொன்ன கதைதான். மைசூர் மகாராஜா 1928இல் கொடுத்த யானை. காலால் தேங்காய் நசுக்கும், மவுத் ஆர்கன் ஊதும். 1949இல் சிட்னியில் டரோங்கா ஜூவுக்கு அனுப்பிவிட்டார்கள், அப்போது ஆயா சின்னக் குழந்தை. அந்தப் பார்க் முதலில் 1910இல் நெருப்புக்கோழிப் பண்ணையாக ஆரம்பித்தது, நஷ்டம். அப்புறம்தான் முதலை, சிங்கம், சிறுத்தை என்று கொண்டு வந்தார்கள். இப்போது அல்டாப்ரா ராட்சத ஆமைகள், சின்ன விலங்குகள், பறவைகள். ஆயாவுக்கு ஆமையைக் காட்டலாம்.

சரஸ்: யானை இல்லை என்றதும் அம்மா முகம் வாடிவிட்டது. ஆமை பரவாயில்லையாம். குரங்குக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் எடுத்து வரச் சொல்கிறார்கள், புரட்டாசி, ஆஞ்சநேயருக்கு என்று

சிவா: வேண்டாம். தயவுசெய்து வேண்டாம் சரஸ்.

சரஸ்: 80 வயதுக்காரரிடம் நான் எப்படி வேண்டாம் என்பேன்?

சிவா: நான் சொல்கிறேன், நீ வாசித்துக் காட்டு. அம்மா, நீங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் சனிக்கிழமை சனிக்கிழமை பழம் வைப்பீர்கள். பக்தியோடுதான் வைத்தீர்கள், அதில் குறை இல்லை. ஆனால் கையில் பழம் வாங்கிப் பழகிய குரங்கு அடுத்த வீட்டிலும் கை நீட்டும். அங்கே பழம் கிடைக்காது, ஜன்னல் வழியாக உள்ளே போகும், ரொட்டியை எடுக்கும். அந்த வீட்டுக்காரர் பெல்லட் துப்பாக்கியை எடுப்பார். குடியிருப்புப் பகுதியில் சுடுவது சட்டப்படி குற்றம், ஆனாலும் சுடுகிறார்கள். குரங்கு சாவது நாம் வைத்த அந்த முதல் பழத்தால்தான். பெண் குரங்கு பிறந்த கூட்டத்தை விட்டுப் போகாது, ஆயுள் முழுக்க அம்மா, அக்கா, மகள் என்று சேர்ந்தே இருக்கும். ஒரு தாய் போனால் கூட்டமே ஆட்டம் காணும். இப்போது செப்டம்பர், பல குரங்குக்கு வயிற்றில் குட்டி. அக்டோபர் வந்தால் பிறக்க ஆரம்பிக்கும். நம் வீட்டுப் பின்புறம் தொடையில் குண்டோடு வந்து உட்கார்ந்ததே ஒன்று, அதை மறக்க முடியவில்லை.

லோகன்: அதை இங்கே எதற்கு எழுதுகிறீர்கள்

சிவா: உன்னைச் சொல்லவில்லை

லோகன்: படித்தால் அப்படித்தான் தெரிகிறது. அவகாடோ மரத்தை அப்போதே வெட்டியிருந்தால் குரங்கே வந்திருக்காது. அப்பா இருந்தபோதே சொன்னேன்

சிவா: அந்த மரத்தை நட்டதே அப்பா

கோகி: மரம் இன்னும் இருக்கிறதா?

சரஸ்: இருக்கிறது. இப்போது பூத்திருக்கிறது. வீட்டு விஷயத்தையும் மரத்தையும் நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளுங்கள், இங்கே வேண்டாம். பிள்ளைகள் எல்லாம் இருக்கிறார்கள்

நிஷா: சிவா மாமா, அன்றைக்குக் குரங்கு வந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குழுவில் மேலே பின் செய்து வைக்கிறேன்

சிவா: சாப்பாடு மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், பையைக் கண்டாலே சாப்பாடு என்று அதற்குத் தெரியும். கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. பல்லைக் காட்டிச் சிரித்தால் சண்டைக்கு வருகிறோம் என்று நினைக்கும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் யாரும் போகக்கூடாது. மூலையில் மடக்காதீர்கள், ஓட வழி விடுங்கள். கையிலிருந்து பிடுங்கினால் விட்டுவிடுங்கள், ஒரு வடைதானே. தண்ணீர் தெளிக்கும் பாட்டில் ஒன்று போதும், கல் எறியக் கூடாது.

பிரவீன்: வடையை விட முடியாது அப்பா

நிஷா: பின் செய்துவிட்டேன்

சரஸ்: அம்மா கேட்கிறார்கள், பழம் போடக்கூடாது என்றால் சனிக்கிழமை நான் என்ன செய்வது என்று

சிவா: கோவில் வாசலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல். தோட்டத்துக் கடைசியில், வீட்டுக்குத் தள்ளி, ஒரு காட்டு அத்தி நட்டுத் தருகிறேன். குரங்கும் தின்னும், வௌவாலும் தின்னும், யார் கையையும் எதிர்பார்க்காது. கன்று நான் வாங்கி வருகிறேன்.

கோகி: அத்தி வேர் சுவரைப் பிளக்கும் அண்ணா

சிவா: அதனால்தான் தள்ளி என்றேன்

லோகன்: விற்கப்போகிற வீட்டில் மரம் எதற்கு

சரஸ்: யார் விற்கப்போகிறார்கள்?

நிஷா: எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். இதுவரை: கோகி சின்னம்மா வீடு நாலு, சிவா மாமா, பிரவீன். லோகன் மாமா இன்னும் உறுதி இல்லை. வடை யார்?

கோகி: வடை நான். மொச்சை சரஸ் அக்கா

தர்ஷினி: அப்பா வராவிட்டாலும் நான் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து டாக்ஸியில் வருகிறேன். ஆமை, குரங்கு, நாரை எல்லாம் பார்க்க வேண்டும். சிவா பெரியப்பா, ஜெனெட் பகலில் வருமா?

சிவா: வராது. ஆனால் இருட்டும்வரை இருந்தால் பழந்தின்னி வௌவால் கிளம்புவதைப் பார்க்கலாம்

சரஸ்: இருட்டும்வரை எல்லாம் அம்மாவால் உட்கார முடியாது. மழை வந்தால் என்ன செய்வது?

நிஷா: ஹாலையும் கேட்டு வைக்கட்டுமா? முன்பணம் கேட்பார்கள்

லோகன்: எவ்வளவு?

சரஸ்: அம்மா தூங்கிவிட்டார்கள். அத்தி மரம் பற்றிக் காலையில் சொல்கிறேன் என்றார்கள்