தமிழை ஏன் தூக்கினீங்க? டிஃப் பார்த்து ஏமாந்த அனுபவங்கள்

மொரீஷியஸின் எபேனிலிருந்து:
எங்கள் ஆப்பின் மொழிப் பட்டியலில் பன்னிரண்டு வரி. கடைசியில் கிடந்த தமிழை இரண்டாவது இடத்துக்கு ஏற்றினேன், அவ்வளவுதான். அரை மணியில் ரிவியூ பார்க்கும் அக்காவின் அழைப்பு. "தம்பி, தமிழையே தூக்கிட்டியே!" அவர் பார்த்தது டிஃப், அதாவது கோப்பின் பழைய வடிவுக்கும் புதிய வடிவுக்கும் உள்ள வித்தியாசத்தை வரிவரியாகக் காட்டும் பட்டியல். அதில் கண்ணில் பட்டது கீழ்த்துண்டு மட்டும்: கழித்தல் குறியோடு (நீக்கியது என்று பொருள்) சிவப்பாக ஒரு வரி. அதே வரி மேல்துண்டில் கூட்டல் குறியோடு (சேர்த்தது) பச்சையாக இருக்கிறது. ஆனால் மாற்றத்தைச் சுற்றி மும்மூன்று வரிதான் டிஃப் காட்டும். நடுவில் மாறாத வரிகள் பத்து. ஆகவே @@ என்ற பிரிப்புக் குறி போட்டு இரண்டு துண்டாக வெட்டிவிட்டது. 'நகர்ந்தது' என்பதற்கு அதனிடம் குறியே கிடையாது.

கியூர்பிப்பிலிருந்து:
என் கதை கோப்பின் பேரில். பேரை மாற்றி, அதே கமிட்டில் (ஒருசேரப் பதியும் மாற்றத் தொகுப்பில்) உள்ளேயும் முக்கால்வாசி திருத்தினேன். ஒரு கோப்பு அழிந்தது, ஒரு கோப்பு புதிதாக வந்தது என்று டிஃப் காட்டியது. மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட் (Git) பேர்மாற்றத்தை எங்கும் குறித்து வைப்பதில்லை. டிஃப் கேட்கும்போதுதான் அழிந்ததையும் வந்ததையும் ஒப்பிட்டு, 50 விழுக்காடாவது ஒத்தால் பேர் மாறியது என்கிறது. எங்கள் மூத்தவர் முழுக் கோப்பையும் புதுசென்று நம்பி வரிவரியாகப் படித்தார், பாவம். இப்போது பேருக்கு ஒரு கமிட், திருத்தத்துக்கு வேறொரு கமிட்.

ரோஸ் ஹில்லிலிருந்து:
எபேன் தம்பி, நம் மொரீஷியஸில் தமிழ் வரி இடம் மாறினால் சும்மா விடுவார்களா? 1998இல் வந்த நம் ரூபாய்த் தாளில் தமிழ் வரி, நாகரி (இந்தி எழுதும் எழுத்து) வரிக்குக் கீழே போனது. எதிர்ப்பு கிளம்பி அந்தத் தாள்களையே திரும்பப் பெற்றார்கள். அதை டிஃபில் போட்டிருந்தால் வேடிக்கை. அடுத்தடுத்த இரண்டு வரி இடம் மாறினால், ஒன்றை அசையாமல் நிறுத்தி மற்றதற்குத்தான் கழித்தலும் கூட்டலும் போடும். தமிழ் இறங்கியதா, நாகரி ஏறியதா? டிஃபைக் கேட்டுப் பயனில்லை.

மீண்டும் எபேன்:
அண்ணா, 2017இல் வந்த கிட் 2.15 முதல் நகர்ந்த வரிக்குத் தனி நிறம் கொடுக்கும் வசதி உண்டு. ஆசையாகப் போட்டுப் பார்த்தேன், தமிழ் அதே சிவப்பு. வழக்கமான வகையில், நகர்ந்த பகுதியில் எழுத்தும் எண்ணுமாகக் குறைந்தது 20 இருந்தால்தான் நிறம் மாறுமாம். என் வரியில் அவ்வளவு இல்லை. எளிய வகைக்கு மாற்றிய பிறகுதான் மாறியது. படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினேன்.