60லிருந்து வேகம் குறையும்போது ஹேண்டில்பார் உதறுது: கோன் செட்டா, டயரா?

அரைகிளட்ச்:
வணக்கம் நண்பர்களே. 150 சிசி வண்டி, 27,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 17 இன்ச் அலாய் வீல், முன்னாடி டிஸ்க். சமீபத்துல முன் டயர் புதுசு போட்டேன், அதுக்கப்புறம்தான் இந்தத் தொல்லை. 60ல போயிட்டு ஆக்சிலேட்டரை விட்டா, 55லிருந்து 45 வரைக்கும் ஹேண்டில்பார் இடமும் வலமுமா உதறுது. ரெண்டு கையும் இறுக்கிப் பிடிச்சா தெரியல, பிடியைத் தளர்த்தினா நல்லாவே தெரியுது. 45க்குக் கீழ வந்தா தானா அடங்கிடும், 70க்கு மேலயும் இல்ல. பிரேக்குக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மெக்கானிக் கோன் செட்டை (ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கிற பேரிங்) டைட் பண்ணிக் கொடுத்தார். உதறல் குறைஞ்சிருக்கு, ஆனா இப்ப மெதுவாப் போகும்போது வண்டி நேராப் போக மாட்டேங்குது, அங்கயும் இங்கயும் அலையுது. கோன் செட்டை மாத்திடவா?

பின்சீட்டு:
ரெண்டு கையையும் வெச்சு ஓட்டுங்க ப்ரோ, பிரச்சினை முடிஞ்சுது 😄 சும்மா சொன்னேன். பின்னாடி பெட்டி மாட்டியிருக்கீங்களா? என் வண்டியில பெட்டி நிறைய சாமான் வெச்சா இதே ஆட்டம் வரும், கழட்டினா போயிடும். காத்து பாத்தீங்களா?

அரைகிளட்ச்:
பெட்டி இல்ல ப்ரோ. காத்து முன்னாடி 25, பின்னாடி 28, கம்பெனி சொன்ன அளவு. வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போதே பாத்தது.

ஸ்பேனர்10-12:
தம்பி, உதறல் எப்ப வருதுன்னு நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு. பிரேக் பிடிச்சா மட்டும் வந்தா டிஸ்க்கைப் பாக்கச் சொல்லுவேன். 90, 100ல வண்டி மொத்தமும் நெளிஞ்சா பின்பக்கம்: ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்குற கை) புஷ், பின் டயர், செயின் அலைன்மென்ட். உங்களுக்கு நடுவேகத்துல ஹேண்டில் மட்டும்தான் உதறுது.

17 இன்ச் சக்கரம் ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 1.9 மீட்டர் போகும். அப்படின்னா 50ல போறப்ப செகண்டுக்கு ஏழு சுத்து. போர்க் (முன்சக்கரத்தைத் தாங்குற ரெண்டு கால்), சக்கரம், ஹேண்டில் எல்லாம் சேர்ந்து இயல்பா ஆடுற ஆட்டமும் செகண்டுக்கு 4லிருந்து 10 தடவைக்குள்ளதான் வரும். டயர்ல சின்னக் கோணல் இருந்தாலும் சுத்துக்கு ஒரு தட்டு தட்டும். ரெண்டும் ஒத்துப்போற வேகத்துல, ஊஞ்சலை நேரம் பாத்துத் தள்ளிவிடுற மாதிரி ஆட்டம் ஏறிடும். அந்த வேகத்தைத் தாண்டிட்டா அடங்கிடும். அதனால என் சந்தேகம் முதல்ல டயர் மேலதான், அதுவும் புதுசு போட்ட பிறகு ஆரம்பிச்சதுன்னா.

கோன் செட்டை முறுக்கினது உதறலை அமுக்கியிருக்கு, அவ்வளவுதான். ஓவர் டைட் ஆனா ஸ்டீயரிங் தானா நேராகாது. நீங்க சொல்ற அலைச்சல் அதுதான். உதறலை விட இது மோசம், முதல்ல அதைச் சரியான அளவுக்குத் தளர்த்துங்க.

பாக்க வேண்டியது: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னாடி ஒருத்தரை அமுக்கச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்க. டயர் ஓரத்துல, ரிம்மை ஒட்டி மெல்லிசா ஒரு வரி வட்டமா ஓடும். அதுக்கும் ரிம்முக்கும் நடுவுல இடைவெளி சுத்தி ஒரே மாதிரி இருக்கணும். எங்கயாவது வரி உள்ள போயிருந்தா அங்க டயர் சரியா உக்காரல. போர்க்கோட அடியை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னும் பின்னும் இழுங்க, கடக் கடக்னு ஆடினா கோன் செட் லூஸ். சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டினா வீல் பேரிங் சொல்லிடும். கடைசியா ஹேண்டிலை ஒரு விரலால மெதுவாத் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல லேசா மாட்டி நின்னா, கோன் செட்டோட பால் ரேஸ்ல (குண்டுகள் உருளுற வளையம்) தடம் விழுந்திருக்கு. அதை எவ்வளவு முறுக்கினாலும் பிரயோஜனம் இல்ல.

மண்ரோடு:
27,000 ஓடிடுச்சே அண்ணா, கோன் செட்டை மாத்திட்டே பாக்கலாமே? எப்படியும் ஒருநாள் மாத்தத்தானே போறாரு.

ஸ்பேனர்10-12:
மாத்தலாம். ஆனா டயர் கோணலா இருந்தா புது பேரிங்லயும் இதே உதறல்தான். ஒண்ணு செஞ்சு, ஓட்டிப் பாத்துட்டு, அப்புறம் அடுத்தது. எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தினா எது குணமாக்குச்சுன்னே தெரியாது. இன்னொண்ணு, சோதிக்கிறேன்னு ரோட்டுல கையை விட்டுப் பாக்காதீங்க. பெருசா உதறினா பிரேக்கை அழுத்தாம, ஹேண்டிலோட மல்லுக்கட்டாம, டேங்கை முழங்காலால கவ்விக்கிட்டு ஆக்சிலேட்டரை மெதுவாக் குறைங்க.

அரைகிளட்ச்:
பாத்துட்டேன் அண்ணா. நீங்க சொன்ன வரி வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு ரிம்முக்குள்ள மறைஞ்சிருந்தது! டயர் கடையில காத்தை இறக்கி, ஓரத்துல சோப்புத் தண்ணி தடவி, மறுபடி ஏத்தினதும் டப்புனு வெளிய வந்துச்சு. வீல் பேலன்ஸும் பண்ணியாச்சு. கோன் செட்டைத் தளர்த்தின பிறகும் முக்கால்வாசி உதறல் போயிடுச்சு, அலைச்சலும் இல்ல. ஆனா ஹேண்டிலைத் திருப்பினா நடுவுல மாட்டுறது உண்மைதான், விரலுக்கே தெரியுது.

ஸ்பேனர்10-12:
அப்ப மிச்சம் கால்வாசி அதுதான். இப்ப தாராளமா மாத்துங்க. மேலயும் கீழயும் ரேஸை குண்டுகளோட செட்டா மாத்தணும், குண்டு மட்டும் புதுசு போட்டா அதே பள்ளத்துல போய் உக்காரும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது ஆக்ஸில் நட்டை முழுசா இறுக்கறதுக்கு முன்னாடி போர்க்கை நாலஞ்சு தடவை அமுக்கி விடச் சொல்லுங்க, ரெண்டு காலும் முறுக்கு இல்லாம நேரா உக்காரும்.

அரைகிளட்ச்:
குண்டுக்குப் பதிலா கூம்பு உருளை வர்ற டேப்பர் பேரிங் போடலாமா?

ஸ்பேனர்10-12:
உங்க வண்டிக்கு அளவு கிடைச்சா போடலாம், ஆயுசு ஜாஸ்தி. ஆனா டைட் வைக்கிறதுல கை பழகினவர் வேணும். எதைப் போட்டாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு கொஞ்சம் உக்காரும், ஒருதடவை திரும்பக் காட்டி அளவு பாத்துக்கோங்க.